முப்பத்தேழாம் தட்டு

ஞாயிற்றுக்கிழமையும் செல்களுக்குப் பசிக்கும்.
க்டான்ஸ்க் இன்னும் விடியவில்லை.
டிராம் நிறுத்தம் வரைக்கும்
உறைபனியின் மேலோடு காலடியில் நொறுங்குகிறது.
இதே ஓசைதான் என்பார் டாக்டர் ரெபிஷ்கா,
முதுகின் அடிப்புறம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால்,
இழுத்த மூச்சு முடிகிற
அந்தக் கடைசி நொடியில்.

முப்பத்தேழாம் தட்டு.
பழைய திரவத்தை உறிஞ்சி எடுக்கிறேன்.
யாருடைய நுரையீரலிலிருந்தோ வந்த நார்ச்செல்கள்.
பெயர் எனக்குத் தெரியக் கூடாது.

கெட்டவை அல்ல, அதைச் சொல்லிவிடுகிறேன்.
காயம் என்றால் ஓடிவந்து தைப்பவை.
தைத்ததும் கலைய வேண்டியவை, சாக வேண்டியவை,
பந்தல் பிரித்ததும் கிளம்பும் ஆட்களைப் போல.
இவை கிளம்பவில்லை.
கல்யாணம் முடிந்து வருடக்கணக்காகியும்
கால் நட்டுக்கொண்டே இருக்கின்றன,
வீட்டுக்காரர் நடக்க இடமில்லாமல்.

யார் ஏவியது?
சொந்த உடம்பையே அந்நியம் என்று
எழுதிக்கொடுத்த ஆன்டிபாடி என்றால், அது பாதி.
இன்டர்லூக்கின் ஆறு, இன்னொரு கால்வாசி.
அப்புறம் டிஜிஎஃப் பீட்டா,
கூண்டுக்குள் உறங்கிக் கிடக்கும் சேதி.
திசுவை இழுத்தால் கூண்டு திறக்கும்.
திறந்தால் செல்கள் இறுக்கும்.
இறுகினால் திசு இழுபடும்.
இழுபட்டால்
எட்டு வருடமாக
இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

மெல்லிய ஜெல்லில் வளர்த்துப் பார்த்தேன்,
நல்ல நுரையீரலின் குழைவில்.
சில அடங்கின.
சில, கல்லில் கிடந்த நாட்களை மறக்கவில்லை:
மெத்தையிலும் முஷ்டி மடக்கித் தூங்குகின்றன.

நவம்பரில் நோயாளிகளை அழைத்து வந்தார்கள்.
ஜோவிதா கிரெண்டா, டிராம் ஓட்டுபவர்.
கையுறையைக் கழற்றினார். விரல்கள் மெழுகு வெள்ளை.
பேசிக்கொண்டிருக்கும்போதே நீலம், பிறகு சிவப்பு.
"நம்ம கொடியில நீலம் கிடையாது,
அது நான் சேர்த்தது" என்றார்.

மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று வந்த மூச்சோடு
மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம்.
"எவ்வளவு பொறுப்பா வேலை செய்யுதுங்க."
அப்புறம்,
"என்னதான் நினைச்சுக்கிட்டு இருக்குதுங்க?"
காயம் இருக்கிறதென்று.
"இல்லைன்னு யாரும் சொல்லலையா?"

நான் ஏதேதோ சொன்னேன். ஏற்பிகள்,
சமிக்ஞைப் பாதை. வேகம் குறைக்கும் மாத்திரை உண்டு,
வந்த வழி திருப்பும் மாத்திரை இல்லை.
"பிரேக் இருந்தா போதும்.
டிராம்காரிக்கு ரிவர்ஸ் பழக்கமில்லை" என்றார்.
வாசல் வரை நடந்து,
கதவைப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம்
ஒன்றும் பேசாமல் நின்றார்.

இன்று வந்த டிராமில்
ஓட்டுநர் அறைக் கண்ணாடி மூடுபனி பிடித்திருந்தது.
யாரென்று தெரியவில்லை. எட்டிப் பார்க்கவும் இல்லை.

ஆய்வகத்தில் யாருமில்லை.
முகக்கவசத்துக்குள்ளிருந்து தட்டைப் பார்த்துச் சொன்னேன்:
காயம் ஆறிவிட்டது. போதும்.
சொன்ன கையோடு
இளஞ்சிவப்புத் திரவத்தை, பன்னிரண்டு மில்லி,
சிந்தாமல்,
இளஞ்சூட்டில்
ஊற்றினேன்.