நானூற்றெண்பது நிமிடம்

இரண்டு கண்ணாடிக் கலன்களுக்கு நடுவே
வட்டமாக வெட்டிய துணியை வைத்துத் திருகுகிறாள் போக்னா.
இந்தப் பக்கம் அமிலம்.
அந்தப் பக்கம் வெறுங்காற்று, அதை
மோந்தபடியே இருக்கும் ஒரு கருவி.
வூச் நகரத்தில் நவம்பர். திருப்பத்தில் டிராம் கிறீச்சிடுகிறது.

ஏழு படலம், ஒவ்வொன்றும் மயிரிழைக்கும் மெலிசு.
எட்டு மணி நேரம் கசியாதிருந்தால்
மிக உயர்ந்த தரம் என்று தட்டச்சு செய்வேன்.
என் வேலை அவ்வளவுதான்.
அவள் வேலை காத்திருப்பது.
தாழ்வாரத்துக்குப் போய் பீட்ரூட் சூப் குடித்துவிட்டு வருகிறாள்.
திரையில் பூஜ்யம்.

"துணி தோற்காது, தையல்தான் தோற்கும்.
ஊசி போன வழியில் நூல் போகும்,
நூல் போன வழியில் அமிலம் போகும்."
தையலின் மேல் பட்டை வைத்து
உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். அதையும்
நகத்தால் நிமிண்டிப் பார்க்கிறாள்.

போன வாரம் ஒரு பார்சல் வந்தது.
விஸ்துலா ஆற்றங்கரையில் ஏதோ ஓர் ஆலை.
உள்ளே மஞ்சள் உடை, கழுவி மடித்தது,
கவட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல்.
கூடவே செவெரின் என்பவன் எழுதிய நாலு வரி:
உடையில் குறையில்லை.
ஏணியில் முழங்கால் மடங்கவில்லை.
மேலே வால்வு சீறிக்கொண்டிருந்தது.
கத்தியால் நானே கீறிக்கொண்டேன்.

தொடையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

போக்னா அதை மூன்று தரம் படித்தாள்.
இன்று, கருவியை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு
அலமாரியிலிருந்து ஒரு புது உடையை இறக்கி
மாட்டிக்கொண்டாள்.
"நேரம் பார்த்துக்கொள்."
நான்கு மாடி. ஏறினாள், இறங்கினாள், ஏறினாள்.
ஒன்பதாம் நிமிடம் முகக்கண்ணாடியில் பனி மூடியது.
பதினான்கில் சுவரைத் தடவித் தடவி நடந்தாள்.
பத்தொன்பதில் படியிலேயே உட்கார்ந்து
கையை ஆட்டினாள்: அவிழ்.

நஞ்சை உள்ளே விடாத துணி
மூச்சின் ஈரத்தையும் வெளியே விடவில்லை.

இப்போது அது வெந்நீர்க் குழாயின் மேல்
உள்புறம் வெளியாகத் தொங்குகிறது.
கைப்பகுதியிலிருந்து சொட்டுவது அவள் வியர்வை.
தரையை யாரும் துடைக்கவில்லை.

மாலை ஐந்தரை. திரையில் பூஜ்யம். தேறிவிட்டது துணி.
படிவத்தில் நானூற்றெண்பது என்று அடித்தேன்.
முழங்காலுக்குக் கட்டம் இல்லை.
தாளின் ஓரத்தில், கடைசிக் கோட்டுக்கும் கீழே,
பேனாவால் பத்தொன்பது என்று எழுதி
எதுவும் சொல்லாமல் கையெழுத்துக்கு நீட்டினேன்.
அவள் பேனாவை வாங்கி
அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.