மூன்றாவது வரி

மேடைக்கு மேலே ஒரு கறுப்புப் பலகை.
சிங்களம் முதலில், ஆங்கிலம் நடுவில்,
அடியில் நான்.
மேடை வளைவில் செதுக்கிய மரக்கொடி
என் எழுத்துகளின் காலைத் தின்றதில்
முதல் ஒத்திகையில் அவளுடைய புலம்பல்
பலம்பல் ஆனது.
"தமிழ் வாசிக்கிறவர்களுக்கு இங்கிலிஷும் தெரியும்தானே"
என்ற பொருளாளருக்கு
நான் பதில் சொல்லவில்லை. ஏணி கேட்டேன்.
ஏணி கிடைத்தது. பலகை
நாலு விரல்தான் ஏறியது.

எங்கள் ஓபரா இப்படித்தான்.
காதலன் வத்தளையில் பல் பிடுங்குகிறவர்.
தகப்பன் சவிரியான், சுங்கத்தில் வேலை,
கொட்டாஞ்சேனைக் கோயிலில் பெரிய வெள்ளி பாடிப் பழகிய குரல்.
விருந்துக் காட்சியின் சீமான்கள்
இரண்டு வங்கிக் கிளைகளிலிருந்து
கழுத்துப்பட்டியைக் கழற்றாமலே வருவார்கள்.
சாகிறவள் ருவினி. பகலில் காப்புறுதிக் கம்பனி,
மரணக் கோரிக்கைப் பிரிவு.
அவள் சாகும் கட்டில் பம்பலப்பிட்டிக் கடையில் இரவல்;
விலைச்சீட்டைக் கழற்றக் கூடாதென்று நிபந்தனை.

எட்டு நாற்பதுக்குப் பாணந்துறை ரயில்
சுவருக்கு அப்பால் அரைச்சுரம் கீழே கூவும்.
அதற்கென்று ஒரு மூச்சு விட்டுவைக்க
வயலின்கள் பழகிவிட்டன.

வியாழன் இரவு, மேல்மாடிக் கூண்டிலிருந்து
என் வரிக்கு நிமிர்கிற தலைகளை எண்ணினேன்.
ஒன்பது.
அதில் ஒன்று மண்டபக் காவலாளி.

சாபம் தமிழுக்கு வந்துவிட்டது. கடன் வந்துவிட்டது.
இருமலை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.
ஒரு சொல்தான் படிதாண்டி வராமல் நின்றது:
அத்தியோ.
அவள் அதை நாலு தரம் பாடுகிறாள்,
நாலாம் தரம் மூச்சே இல்லாமல்.

அகராதி 'விடைபெறுகிறேன்' என்றது.
அது பிரியாவிடை விழாவில் அதிபர் சொல்வது;
மாலையும் ஒலிவாங்கியும் வேண்டும் அதற்கு.
'போகிறேன்' என்று அடித்து
கை கூசி அழித்தேன்.
எங்கள் வீட்டு வாசலில் அப்படி யாரும் சொல்வதில்லை.
கடைக்குப் போனாலும் கனடாவுக்குப் போனாலும்
போட்டு வாறன்.
பாதி வாய்க்குள்ளே போக, மிச்சம்
வாறன்.

இரண்டாயிரத்து ஏழு வைகாசி. வெள்ளவத்தை, மாடிப்படி.
ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டே
அண்ணனும் அதைத்தான் சொன்னான்.
இலக்கணப்படி அவன்
இன்னும் வந்துகொண்டிருக்கிறான்.

இதை நான் ருவினிக்குச் சொல்லவில்லை.
ஞாயிறு, கடைசிக் காட்சிக்கு அரைமணி முன்
குழு வாசிக்காமல் ஒப்பமிட்ட சொல்லை அழித்து
வாயில் வருகிற மாதிரியே அடித்துவைத்தேன்.

ரயில் போனது.
பல் வைத்தியர் பிந்தி வந்து, எழுதியபடி, மண்டியிட்டார்.
ஒரு அத்தியோ. இரண்டு. மூன்று.
முன்வரிசையில் மூக்குச் சீந்தும் சத்தம்.
நாலாவதுக்கு விசையை அழுத்தினேன்.

போட்டு வாறன்

பின்வரிசை இருட்டிலிருந்து ஒரு ஆண் குரல்.
நாடகம் பார்க்கிற குரல் இல்லை அது,
வாசல்வரை வந்து
கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குரல்:
"ஓம். கவனமாப் போட்டு வா."

யாரும் சிரிக்கவில்லை.
இசை நடத்துநரின் கோல் மேலேயே நின்றது,
ரயிலுக்கு விடுகிற அளவு.
பிறகு ருவினி செத்தாள்.
தலை சரிந்த பக்கம் விலைச்சீட்டு ஆடி அடங்கியது.

விளக்குப் போட்டதும் பின்வரிசையைத் தேடினேன்.
வெளியே மழை. எழுந்து போகிற எல்லாருக்கும்
முதுகு மட்டும்தான் இருந்தது.

திரைக்குப் பின்னால் செத்தவள்
தன் கொத்துப் பார்சலை யார் தின்றது என்று கத்திக்கொண்டிருந்தாள்.
பொருளாளர் ஏணியடிக்கு வந்தார்.
"இன்றைக்கு என்ன எழுதினாய்,
ஆட்கள் பதில் சொல்கிறார்கள்?"

மரக்கொடி தின்ற மிச்சம், என்றேன்.