ஒதுக்கும் குமிழ்

ஜனவரியில் பாய்லர் செத்தது.
அதே வாரம் வானொலியில் சொன்னார்கள்,
தங்கம் இதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறிவிட்டதாம்.
இரண்டையும் சேர்த்துக் கேட்டபோதுதான்
சமையலறை ஜன்னல் வழியே
ஸ்கெல்டன் வீட்டு வயலை ஒழுங்காகப் பார்த்தேன்.

பதினோரு வருடம் முன்பு
என் கல்யாண மோதிரத்தை அங்கேதான் வீசினேன்.
பதினெட்டு காரட். நாலரை கிராம்.
வீசும்போது எடை ஞாபகம் வரவில்லை.

நெவில் முன்னாள் தபால்காரர்.
ஸ்லீஃபோர்ட் சாலையில், கார் நிறுத்தும் கொட்டகையில்,
கருவிகளைத் தூண்டில்போல் சாய்த்துவைத்து விற்கிறார்.
ஒன்று தொள்ளாயிரம் பவுண்டு.
விமானியிடம் கொடுக்கலாம், அத்தனை பொத்தான்.
ஒன்று இருபத்தைந்து.
"எதற்குக் கத்துகிறோம் என்று
அதற்கே தெரியாது," என்றார்.

என்ன தேடுகிறீர்கள்,
ரோமானியக் காசா, கடற்கரையா?
என் மோதிரம், என்றேன்.
பல கதவுகளில் பல கடிதம் கொடுத்த முகம் அது,
மேற்கொண்டு கேட்கவில்லை.

நூற்றுப்பத்துக்கு ஒரு பழையதை எடுத்தார்.
கைப்பிடியில் யாரோ சுற்றிய நீல டேப்.
தட்டில் கீறல் இருக்கலாம், கேபிள் ஆடக் கூடாது.
ஆட்டிக் காட்டினார்.
தூக்கிப் பாருங்கள்,
ஒரு மணிநேரத்தில் இதே எடை இரண்டு மடங்காகும்.
மிச்சப் பணத்தில் நல்ல மண்வெட்டி வாங்குங்கள்.

இரண்டே குமிழ்.
ஒன்று காதைக் கூர்மையாக்கும்.
மற்றது ஒதுக்கும்:
திருப்பத் திருப்ப
ஆணி வாயை மூடும், அப்புறம் சாக்லேட் தாள்,
அப்புறம் பீர் டப்பாவின் இழுப்பு வளையம்.
இதுதானே வேண்டும் என்று
கடைசிவரை திருப்பினேன்.

நெவில் தன் மோதிரத்தைக் கழற்றினார்,
சோப்பு இல்லாமல், கொஞ்சம் சிரமப்பட்டு.
மரமேசையில் வைத்துத் தட்டை ஆட்டினார்.
சத்தமில்லை.
பக்கத்தில் ஒரு டப்பா வளையம். அதற்கும் சத்தமில்லை.
குமிழைக் கீழே இறக்கினார்.
இரண்டும் ஒரே குரலில் கத்தின.

"மெல்லிய தங்கம் தகரத்தாள் மாதிரிதான் பேசும்.
குப்பையே வேண்டாமென்றால்
மோதிரமும் வேண்டாமென்று அர்த்தம்."

இதை யாராவது
கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.
விவாகரத்துக்கு முன்பும்.

திருமதி ஸ்கெல்டன் காகிதத்தில் எழுதி வாங்கினாள்:
மோதிரம் எனக்கு, மற்றதில் பாதி அவளுக்கு,
தோண்டிய குழியை மூட வேண்டும்,
பீட் விதைப்பதற்குள் வெளியேற வேண்டும்.

ஆறு நாள்.
டப்பா வளையம் நாற்பத்தொன்று.
டிராக்டர் போல்ட். பாதிக் கரண்டி.
தலையில்லாத ஈயச் சிப்பாய்.
1967ஆம் வருடத்துப் பென்னி ஒன்று,
அதில் பாதி ஸ்கெல்டனுக்குக் கடன்.
வலது தோளில் எனக்குத் தெரியாத ஒரு தசை.

ஏழாம் நாள் கிளைவுக்குப் போன் செய்தேன்.
ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.
"நான் எந்தப் பக்கம் வீசினேன்?"
எதை என்று கேட்கவில்லை அவன்.
"நீ இடக்கை. காற்று எதிரே அடித்தது.
நீ நினைத்த தூரம் போகவில்லை, லோர்னா.
வேலிக் கம்பத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே."
அந்தப் பக்கம் கெட்டில் விசிலடித்து அடங்கியது.
"மறுநாள் நானும் போய்த் தேடினேன்.
வெறுங்கையால்."

பாய்லர்க்காரன் வந்தான். தவணையில் சரிசெய்தான்.
வீடு சுடுகிறது, நான் வயலில் நிற்கிறேன்.
ஆறு அங்குலத்துக்குக் கீழே இதற்குக் காது கேட்காது,
பதினோரு முறை உழுத மண்.
வேலிக்கம்பி அருகே போனாலே அலறுகிறது;
கூர்மையைக் குறைத்து, ஒதுக்குவதைச் சுழியில் வைத்து,
தொட்டியிலிருந்து முழம் முழமாக.

சாயங்காலம், ஹெட்போனில் ஒரு குரல்.
மூன்று முறை குறுக்கே ஆட்டினேன், மூன்று முறையும் அதே இடம்.
வெட்டிப் புரட்டி, கட்டியை உடைத்து,
கட்டைவிரலால் மண்ணைத் துடைத்தேன்.

நாற்பத்திரண்டு.

யாரும் பார்க்கவில்லை.
விரலில் மாட்டிப் பார்த்தேன்.
முட்டியைத் தாண்டவில்லை.
குழியை மூடினேன்.