நான்கு பாகை

கணினிக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு கட்டம்.
இரண்டு பாவு, இரண்டு ஊடை,
இடையில் இறுகிய ரெசின்.
வலது ஓரத்தில் வெளியேறுவது எதுவோ
அதுவே இடது ஓரத்தில் நுழையும் என்று ஒரு விதி.
அவ்வளவுதான். ஒரு விமானத்தின் இறக்கை முழுவதும்
அந்தக் கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முருகேஷ்பாளையாவில் இரவு ஒரு மணி.
லேப்டாப் விசிறி இரைகிறது.
இழை இன்னோர் இழைக்கு வழிவிட்டு
மேலேறி வளைகிற இடத்தில்
சிவப்பு ஊறத் தொடங்குகிறது.
எப்போதும் அங்கேதான்.
நேராகக் கிடக்கும் இழை தாங்கும்.
வளைந்துகொடுத்த இழை, இழுபடும்போது நிமிரப் பார்க்கும்,
நிமிரும்போது
பக்கத்தில் இருப்பதைப் பிளக்கும்.

சேதத்துக்கு ஓர் எண் உண்டு.
பூஜ்யம் என்றால் முழுசு.
ஒன்று என்றால் ஒன்றுமில்லை.
நிரலில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்:
பழைய சேதம், புதிய சேதம்,
இரண்டில் பெரியதை வைத்துக்கொள்.
பாரத்தை இறக்கினாலும் அது குறையாது.
நான் எழுதியதிலேயே
ஒருமுறைகூடத் திருத்த வேண்டியிராத வரி அது.

முப்பத்தெட்டு கிலோநியூட்டன், என்றது மாடல்.

காலையில் திப்பேசாமி
பட்டையைத் தாடைகளுக்கிடையில் மாட்டிக்
கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.
இருபதில் ஒரு சொடுக்கு.
"ஷுரு ஆய்த்து மேடம்."
இருபத்தாறில் கடுகு பொரியும் சத்தம்.
முப்பத்தொன்றில்
கதவுக்குப் பின்னால் வெறும் கரித்தூள்.

ஏழு குறைவு.
ஷெனாய் சார் ஒன்றும் சொல்லவில்லை,
பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

சோதனைக்கு முன் எடுத்து
யாரும் பார்க்காமல் விட்ட ஸ்கேனை
அன்று மாலை திறந்தேன்.
ஒழுங்கு, ஒழுங்கு, ஒழுங்கு,
பிடியிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி
இழைகள் நான்கு பாகை விலகி நின்றன
நீள்வட்டமாய்,
யாரோ கட்டைவிரலால் அழுத்தியதுபோல.

பதிவேட்டைப் புரட்டினேன்.
பிப்ரவரி ஒன்பது. துணி விரித்தவர்:
என் கையெழுத்து.
அன்று ஆள் வரவில்லை என்று
நானே கையுறை மாட்டி இறங்கியிருந்தேன்.
துணி ஓரிடத்தில் மேடிட்டது. அழுத்தினேன்.
அழுத்திப் பிடித்தபடியே, காதுக்கும் தோளுக்கும் நடுவே
ஃபோனை இடுக்கிக்கொண்டு
யாரிடமோ "பரவாயில்லை" என்று சொன்ன ஞாபகம்.

கட்டைவிரலைத் திரையின்மேல் வைத்துப் பார்த்தேன்.
அளவு வேறு, பொருந்தவில்லை.
உடனே எடுக்கவும் தோன்றவில்லை.

இனி ஒரு கட்டம் போதாது.
வலதில் போனது இடதில் வராது.
இருநூற்று இருபது கட்டங்கள்,
அவற்றில் இருபத்தைந்து கோணல்.
அந்த இருபத்தைந்துக்கும்
என் பெயரின் முதலெழுத்தை வைத்தேன்.

கக்கதாசபுரா ரயில்வே கேட் மூடியிருந்தது.
முன்னால் பைக்குகள், பின்னால் தண்ணீர் லாரி,
நடுவில் ஆட்டோவில் நான்.
விடை ஃபோனுக்கு வந்தது:
முப்பத்திரண்டரை.

இன்னும் ஒன்றரை எங்கோ இருக்கிறது.
கேட் திறக்கட்டும்.