கட்டைவிரலின் வாக்கு

பீச் மரக் காட்டில் மழை பிடித்துக்கொண்டது.
ஆட்டுக்காரர்கள் கைவிட்ட கல்வீட்டுக்குள்
நாங்கள் ஐந்து பேர், ஐந்து சைக்கிள்,
முழங்கால் வரை பாஸ்க் நாட்டுச் சேறு.
கூரையில் பாதிதான் மிச்சம்.
அந்தப் பாதியில் சைக்கிள்களை நிறுத்திவிட்டு
மீதிப் பாதியில் நாங்கள் நனைந்தோம்.

யார் தொடங்கினார்கள் என்று நினைவில்லை.
எனேகோவாகத்தான் இருக்கும்.
புதிதாய் வாங்கியவன்தான் முதலில் பேசுவான்.
சட்டையைத் தூக்கித் தழும்பு காட்டுகிறவன்போலக்
கைப்பிடியைத் திருப்பிக் காட்டினான்.
"கம்பியே கிடையாது, பார்.
பொத்தானைத் தொட்டால் போதும்,
நினைக்குமுன் மாறியிருக்கும்."

"நினைக்குமுன் மாறுகிறவனைத்தான்
போன வருஷம் விவாகரத்து செய்தேன்"
என்றாள் கராசி.
அவளுக்கு லீவர் வேண்டும்.
கட்டைவிரல் தள்ள, சுட்டுவிரல் விட,
ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு டிக்.
"கையுறைக்குள்ளும் கேட்கும் அது.
காதுக்கு இல்லை, எலும்புக்கு.
கேட்டால்தான் சங்கிலி
சொன்ன பேச்சு கேட்டது என்று நம்புவேன்."

"டிக் என்பது
எவனோ வைத்த முற்றுப்புள்ளி" என்றார் ஹோசெபா.
அவருடையது உரசலில் நிற்கும் பழைய கட்டைக் கம்பு.
எண்ணும் இல்லை, எல்லையும் இல்லை.
"என் வாக்கியத்தை நானே முடித்துக்கொள்கிறேன்."
"முடிப்பதே இல்லையே,
ஏற்றம் முழுக்கக் கறகறவென்று
என் முதுகுக்குப் பின்னால் அதே வாக்கியம்தான்."
ஹோசெபாவும் சிரித்துவிட்டார்.

முறுக்குப்பிடி பக்கம் வந்தது பேச்சு.
ஈரத்தில் வழுக்கும் என்றான் ஒருவன்.
குலுங்கினால் தானே மாறும் என்றார் இன்னொருவர்.
பிள்ளைகள் சைக்கிளுக்குப் பொருத்தம் என்று
நான்கூட ஏதோ சொல்லி வைத்தேன்.

மையாலென் பேசாமல் கையுறையைக் கழற்றினாள்,
பாலாடைக்கட்டி நறுக்க.
வலது கட்டைவிரல்
முதல் கணுவோடு முடிந்திருந்தது.
அட்டை ஆலை, முந்தின வசந்தம்.
எங்களுக்குத் தெரியாததல்ல.
அந்தக் கை நீட்டிய துண்டை
எத்தனையோ முறை தின்றிருக்கிறோம்.
அந்தக் கையை ஒரு கைப்பிடியின் மேல் வைத்து
ஒருவரும் யோசித்ததில்லை.

"மணிக்கட்டு போதும்" என்றாள்.
"சீசா மூடி திறக்கிற மாதிரி."

எனேகோ மெதுவாக,
பொத்தானை வேறு விரலுக்கு மாற்றலாமே என்றான்.
"உன் பொத்தான் விலையில்
என் வீட்டுக் கூரையை மாற்றலாம்."
கூரை என்றதும்
எல்லாரும் மேலே பார்த்தோம்.

மழை விட்டும் தூவானம் விடவில்லை.
வழுக்கும் என்று சொன்னது தப்பு என்றும்
தப்பில்லை, ஆனால் என்றும்
பேசிக்கொண்டே ஏறினோம்.

மூன்றாவது திருப்பத்தில்
என் கம்பி அறுந்தது.
பெரிய சத்தம் இல்லை, நகம் ஒடிகிற சத்தம்.
சங்கிலி சரசரவென்று இறங்கி
ஆகச் சின்னப் பல்சக்கரத்தில் போய் உட்கார்ந்தது.
எதிரே சுவர்போல ஏற்றம்.
என் லீவர் மட்டும், எதுவும் நடக்காததுபோல,
டிக், டிக் என்றது.
கராசி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கம்பியே இல்லாதவன்தான் மண்டியிட்டான்.
காட்டில் பொறுக்கிய குச்சியைச் சீவி,
கியர் மாற்றியின் இடுக்கில் திணித்து,
சங்கிலியை நடுப்பல்லில் நிறுத்தினான் எனேகோ.
"இனி உனக்கு ஒரே கியர்" என்றான்.
"கருத்து ஏதும் உண்டா?"

இறக்கத்தில் எனக்குப் பின்னால் எல்லாம் கேட்டது.
எனேகோவின் கொசு ரீங்காரம்.
கராசியின் டிக்.
ஹோசெபாவின் முடியாத வாக்கியம்.
மையாலெனிடமிருந்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை,
அவள் எப்போதோ என்னைத் தாண்டிப் போயிருந்தாள்.
குச்சி உடையுமா உடையுமா என்று
நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க,
என் முழுக் கட்டைவிரல்
ஒவ்வொரு வளைவிலும்
செத்த லீவரை அழுத்திக்கொண்டே வந்தது.

கீழே சிடர் கடையில்
டயருக்கு எவ்வளவு காற்று என்று ஆரம்பித்தார்கள்.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.
அதில் எனக்குக்
கருத்து உண்டு.