தலையெழுத்து

இரண்டு நொடி கறுப்பு.
கம்பெனிச் சின்னமாக ஒரு துருவக் கரடி எட்டிப் பார்க்கும்.
அப்புறம் ஒன்றுமில்லை.
எதுவும் நடக்காத மாதிரி
முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும் என் மேசைத்திரை.

பனிக்கடலை உடைத்துப் போகும் கப்பல் விளையாட்டு.
தள்ளுபடியில் வாங்கியது.
மிஷ்கோல்ட்ஸ் நகரத்தில் பதினோரு வருடமாக
டிராம் ஓட்டுகிறவனுக்கு
தண்டவாளம் இல்லாத எதையாவது
ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஆசை இருக்காதா.

மறுபடி. கறுப்பு. கரடி. மேசை.
கணினியை அணைத்துப் போட்டேன்.
கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன்,
புதியது ஒத்துவராமல் பழையதற்கே திரும்பினேன்.
வைரஸ் காவலனைத் தூங்கவைத்தேன்.
நாற்பத்து மூன்று ஜிபியையும்
கோப்பு கோப்பாகச் சரிபார்க்கச் சொன்னேன்.
எல்லாம் சரி என்றது,
வலியோடு போனவனிடம் டாக்டர்
"உங்களுக்கு ஒன்றுமில்லை" என்பாரே, அந்தக் குரலில்.

சபோல்ச்சுக்குப் போன் செய்தேன்.
பணிமனையில் இரவு ஷிஃப்ட் அவனுக்கு.
"ரேமைக் கழற்றி ஊது" என்றான்.
எந்த நூற்றாண்டில் இருக்கிறாய் என்று திட்டிவிட்டுக்
கழற்றினேன். ஊதினேன்.
தூசி கண்ணில் விழுந்தது. அதுதான் பலன்.

பன்னிரண்டு மணிக்குப் பிரோஷ்கா எழுந்து வந்தாள்.
"எத்தனை ஃபோரின்ட்?"
சொன்னேன், பாதியை.
"அந்தக் காசுக்கு பாலட்டன் ஏரியில்
நிஜக் கப்பலே ஏறியிருக்கலாம்."
தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கப் போனாள்.

ஒன்றரைக்கு அகப்பட்டது, ஒளிந்திருந்த பதிவுக் கோப்பு.
நானூறு வரி.
ஒலி தயார். ஒளி தயார். விசைப்பலகை தயார்.
கடைசி வரியில் தடுக்கி விழுந்திருந்தது:
சேமிக்கும் ஃபோல்டரைக் காணவில்லையாம்.
பாதையை விரல் வைத்துப் படித்தேன்.
சி டிரைவ், யூசர்ஸ்,
அடுத்து என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு எழுத்துகளைத் தின்றுவிட்டு
இரண்டு கேள்விக்குறிகள்.

டியோஸோ என் பெயர்.
வெல்பவன் என்று அர்த்தம். சிரிக்க வேண்டாம்.
அந்த ஓ உண்மையில் ஓ இல்லை.
உதடு ஓவுக்குக் குவிந்திருக்கும்போதே
நாக்கை ஏவுக்கு முன்னால் அனுப்ப வேண்டும்.
எழுதினால் ஒரு வட்டம்,
அதன் தலையில் சாய்ந்த மழை மாதிரி இரண்டு கோடுகள்.
வியன்னாவில் ஒரு விடுதியில்
பட்டியலில் நான் இல்லவே இல்லை என்றார்கள்;
இருந்தேன், கோடுகள் இல்லாமல்,
யாரோ போல.

இந்தக் கப்பலைக் கட்டியவர்கள்
ஆறு வகைப் பனி வரைந்திருக்கிறார்கள்.
பனிப்பாளம் விரிசல் விடும் சத்தத்துக்காக
வடக்கே மூன்று வாரம் கிடந்தார்களாம்.
இரண்டு கோடு.
அதை யாரும் நினைக்கவில்லை.

மருந்து எளிது: புதிய பயனர் கணக்கு,
தலையில் ஒன்றும் இல்லாத எழுத்துகளில்.
என் பெயரையே கோடுகளை எடுத்துவிட்டுத் தட்டினேன்.
மொட்டையடித்த மாதிரி இருந்தது. அழித்தேன்.
'டிராம்' என்று தட்டினேன்.

கறுப்பு.
கரடி.
கரடி கொட்டாவி விட்டது.
அதற்குக் கொட்டாவி இருப்பதே
இத்தனை நேரம் எனக்குத் தெரியாது.
கடல் திறந்தது.

மணி மூன்று நாற்பது. நாலரைக்கு என் முதல் டிராம்.
மாலுமியின் பெயர் என்ன என்று கேட்டது கப்பல்.
முழுதாகத் தட்டினேன், கோடுகளோடு.
இரண்டு வெற்றுப் பெட்டிகள் வந்தன.
ஆனால் விழவில்லை.
இருக்கட்டும், பெட்டிக்குள் உட்கார்ந்துகொள்கிறேன்
என்று துறைமுகத்திலேயே நங்கூரமிட்டுச்
சட்டை மாற்றினேன்.

பணிமனையில் சாவியைத் திருகியதும்
டிராமின் நெற்றிப் பலகை எரிந்தது.
ஃபெல்ஷோ மைலாத்.
ஓவின் தலையில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டும்.
கீழிருந்து சபோல்ச் கத்தினான், "ஊதினாயா?"
ஊதினேன் என்றேன்,
அதில்தான் சரியாயிற்று.