கடனுக்கு வாங்கிய இறக்கம்

அஸ்மாராவிலிருந்து கிழக்கே போகிற எவரும்
கடனில்தான் போகிறார்கள்.
போகும்போது சாலையே தள்ளிவிடும்,
பெடலைத் தொட வேண்டாம்.
வரும்போது ஒவ்வொரு முழத்தையும்
வட்டியோடு வசூலிக்கும்.
மாவு மில்லில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன்,
எனக்கா தெரியாது?
இருந்தும் போனேன்.

சைக்கிள் மகனுடையது.
எஸ்ரோம் ஸ்வீடனில் பனி அள்ளுகிறான்.
நான்கு வருடமாக அது நடையில் ஆணியில் தொங்கியது.
ஹேண்டில்பாரில் வெங்காயப் பை மாட்டியிருந்தேன்.
‘டயரில் காற்று இறங்க விடாதே அம்மா’
என்பான் போனில், ஒவ்வொரு முறையும்.
நானும் அடித்துக்கொண்டே இருந்தேன்,
எங்கும் போகாத இரண்டு டயருக்கு.

டாக்டர் செனாயித் ரத்த அழுத்தப் பட்டையைக் கழற்றி,
உப்பைக் குறை, மாடிப்படி ஏறு என்றாள்.
என் வீடு தரைத்தளம்.

முதல் ஞாயிறு, விடிவதற்குச் சற்று முன்பு.
ஈச்சமரத் தெருவில் காப்பிக்கடைகள்
ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன.
தேவாலயத்துக்குப் போகிற வெள்ளைப் போர்வைகளுக்கு நடுவே
பக்கத்து வீட்டு அப்ரெகெத்
என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.
எனக்காகவா, என்னாலா,
இன்னும் கேட்கவில்லை.

பதினெட்டு வயதில் இதே சாலையில்
பேக்கரி ரொட்டி கொண்டு போனவள் நான்.
உடம்புக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்கிறார்கள்.
இருக்கிறது, வேறொரு உடம்பின் நினைவு.
சீட்டில் உட்கார்ந்ததும்
வயிறு தனியாக வந்து மடியில் உட்கார்ந்தது.
இடது முட்டிக்குப் பெயரே வைக்கலாம்,
அவ்வளவு பேசுகிறது.

ஆனால் அந்த இறக்கம்!
கள்ளிச் சரிவு, மொட்டைப் பாறை, கீழே
பள்ளத்தாக்கு நிறைய மேகம்.
மேகத்துக்கு மேலே குடியிருக்கிறவர்கள் நாங்கள்,
ரேஷன் வரிசையில் அது மறந்துவிடுகிறது.
காற்று காதுக்குள் புகுந்து
என் பெயரைத் தவிர எல்லாவற்றையும் துடைத்தது.
அர்பரோபாவில்தான் பிரேக்கை விட்டேன்.
கைச்சுவரில் குரங்குகள்
தேர்வறைக் கண்காணிப்பாளர்கள்போல் உட்கார்ந்திருந்தன.

திரும்பினேன்.
ஒரு வளைவு.
இரண்டாவதில் பாதி.
இதயம் தொண்டைக்கு வந்து கதவைத் தட்டியது.

மசாவாவிலிருந்து சிமெண்ட் ஏற்றி வந்த லாரிக்காரர்
ஒன்றும் கேட்கவில்லை, இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.
மூட்டைகள் மேல் சைக்கிள் படுத்துக்கொண்டது.
வழியெல்லாம் மகளின் கல்யாணச் செலவைச் சொன்னார்.
வெள்ளையாக வீடு வந்தேன்,
தலைமுடிவரை சிமெண்ட்.

அடுத்த வாரம் நான்கு வளைவு, மிச்சத்துக்கு உருட்டி நடந்தேன்.
அதற்கடுத்த வாரம் மூன்றுதான்.
ஏன் குறைந்தது என்று தெரியவில்லை,
கணக்கில் எப்படி எழுதுவது என்றும்.
ஒரு ஞாயிறு போகவே இல்லை. தூங்கினேன்.

ஏழாவது ஞாயிறு
பின்னாலிருந்து செயின் சத்தம்,
கிளப் சட்டை போட்ட பையன்கள், பதினாறு வயது இருக்கலாம்,
மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறினார்கள்.
ஒருவன் என் முதுகில் கை வைத்தான்,
இடுப்புக்கு சற்று மேலே, உள்ளங்கை முழுதாக.
சாலை திடீரென்று சமதளமானது.
இந்த ஊரில் களைத்தவரை அப்படித்தான் தள்ளுவார்கள்,
கேட்க மாட்டார்கள்.
எஸ்ரோமும் யாரையாவது தள்ளியிருப்பான்.
‘கையை எடு தம்பி’ என்றேன்.
எடுத்துவிட்டான்.
எடுத்த கணமே வருந்தினேன்.

உச்சிக்கு மூன்று வளைவு இருக்கையில் இறங்கினேன்.
மைல்கல்லில் உட்கார்ந்து
கால் நடுங்குவதை வேடிக்கை பார்த்தேன்,
யாருடையதோ கால்போல.

ராத்திரி போன்.
‘காற்று அடித்தாயா?’
அடித்தேன்.
பிறகு கேட்டேன்,
இந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கட்டை
எந்தக் கடையில் கிடைக்கும் என்று.

அந்தப் பக்கம் சத்தமில்லை.
லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.
பிறகு மூக்கை உறிஞ்சினான்,
அங்கே எப்போதும் சளிதான்.

‘எந்த வளைவு வரைக்கும் அம்மா?’

ஒரு வளைவு
கூட்டிச் சொன்னேன்.